காய்ச்சினால் கிருமி சாகும்; காரீயம் சாகுமா?



பொழுது விடிவதற்கு முன், பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும், மாடு வைத்திருக்கும் வீட்டில் முதலில் கேட்கும் சத்தம் எது? வாளியில் பால் பீய்ச்சும் சத்தம்தான். அந்தப் பாலை நம்பித்தான் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பசியாறல் இருக்கிறது. பாட்டிக்கு மோரும், நாலு வீடு தள்ளி இருப்பவருக்கு ஒரு போத்தல் பாலும் அதிலிருந்துதான். "கடைப் பால் எதுக்கு? நம்ம மாடு, நம்ம புல்லு, கண்ணு முன்னால கறந்த பாலு" என்று நம் தாய்மார்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது.

"கறந்த பாலில் கிருமி இருக்குமே அம்மா?" என்று கேட்டால் உடனே பதில் வரும்: "காய்ச்சித்தானே கொடுக்கிறேன், அப்புறம் என்ன பயம்?"

நல்ல பதில். காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமி இருக்கலாம். மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா கிருமியும் இருக்கலாம். அது மனிதருக்கு வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலைக் கொடுக்கும். பாலைப் பொங்கக் காய்ச்சினால் இந்தக் கிருமிகள் சாகும். ஆகவே காய்ச்சுங்கள், அந்தப் பழக்கத்தை விடவே வேண்டாம்.

ஆனால் பாலில் வரக்கூடிய வேறு ஒன்று இருக்கிறது. அதற்கு உயிர் கிடையாது. உயிர் இல்லாததை நெருப்பு எப்படிக் கொல்லும்? காய்ச்சும்போது தண்ணீர்தான் ஆவியாகிப் போகும். அது பாலிலேயே தங்கிவிடும். கெட்ட உலோகங்களைத்தான் சொல்கிறேன். அவற்றில் முக்கியமானது காரீயம். இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

பாலில் உலோகமா?

உலோகம் என்றதும் இரும்புக் கம்பியும் செம்புக் குடமும்தான் நினைவுக்கு வரும். நம் உடம்பிலும் உலோகம் இருக்கிறது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். இரத்தத்தின் சிவப்பில் இரும்பு. புண் ஆறுவதற்கும் பிள்ளை வளர்வதற்கும் துத்தநாகம். இரத்தம் ஊறுவதற்குக் கொஞ்சம் செம்பு. இவை இல்லாமல் உடம்பு நடக்காது. கால்சியம் மட்டும் நிறைய வேண்டும். மற்றவை துளித்துளியாகப் போதும்.

ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. துத்தநாகம் ஏறக்குறைய 4 மில்லிகிராம். இந்த இரண்டிலும் பால் வள்ளல்தான். ஆனால் இரும்பு? ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும். அந்தப் பிள்ளை சோறு வேண்டாம், கறி வேண்டாம் என்று பாலையே குடித்து வயிற்றை நிரப்பினால் என்ன ஆகும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பாருங்கள், வெளிறிப் போயிருக்கும். "பிள்ளை நல்லா பால் குடிக்கிறான், ஆனா சுறுசுறுப்பு இல்ல மிஸ்ஸி" என்று கிளினிக்கில் சொல்லும் தாய்மார்கள் பலர். அது சோம்பேறித்தனம் இல்லை, இரத்தச்சோகையாக இருக்கலாம்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரீயம் உள்ளே நுழைவது இந்த வாசல் வழியாகத்தான்.

எந்த ஈயம்?

தமிழில் ஈயம் என்றால் இரண்டு உண்டு. ஒன்று வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவது அது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதில்தான் செய்ய வேண்டும். மற்றது காரீயம். மீன் வலைக்குக் கட்டும் குண்டு காரீயம். கார், லோரி பேட்டரிக்குள் இருக்கும் தகடும் காரீயம்தான். பெயரில் இருவரும் அண்ணன் தம்பி; குணத்தில் அப்படி இல்லை. காரீயத்தால் உடம்புக்கு ஒரு துளி பயனும் கிடையாது. இவ்வளவு வரை இரத்தத்தில் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குத்தான் அது கூடுதல் கெடுதல். ஒரே அளவு காரீயம் வாய்க்குள் போனால், பெரியவர் உடம்பு ஏற்பதைப்போல் நாலைந்து மடங்கு சிறு பிள்ளையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். பிறகு அது வளர்கிற மூளையைத் தொடும். பிள்ளை கீழே விழுந்து துடிக்க மாட்டான். வகுப்பில் கவனம் இருக்காது, படித்தது நிற்காது, எதற்கெடுத்தாலும் கோபம் வரும். "மக்கு" என்று நாம் திட்டுவோம். மக்கு அவன் இல்லை தோழர்களே.

பாலில் காரீயம் ஒரு கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அனைத்துலக உணவு விதி. இது எவ்வளவு சின்ன அளவு? ஒரு கிராம் காரீயத்தை 50,000 கிலோ பாலில் சரிசமமாகக் கலந்தால் அந்த எல்லை வந்துவிடும். ஒரு லோரி பேட்டரிக்குள்ளே கிலோக்கணக்கில் காரீயம் இருக்கிறது. இப்போது கொட்டகையின் பின்புறம் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

கொட்டகைக்குப் பின்னால்

எந்தத் தோட்டத்திலும் காணக்கூடிய காட்சிதான். பழைய லோரி பேட்டரி ஒன்று, மூடி உடைந்து, மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் கிடக்கிறது. யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மழை பெய்கிறது, வெயில் காய்கிறது. மாடு அதை முகர்ந்து பார்த்து நக்குகிறது. ஏன் நக்க வேண்டும்? மாட்டுக்கு அது உப்புக் கரிப்பது போல் ருசிக்கிறது. தீவனத்தில் உப்பும் தாதுச் சத்தும் போதாத மாடு எதையும் நக்கும், சுவரை, மண்ணை, துருப்பிடித்த தகரத்தை, பழைய சாயம் உரியும் பலகையை. கன்றுக்குட்டி இன்னும் மோசம். கண்டதை எல்லாம் வாயில் வைக்கும்.

விழுங்கிய காரீயத் துண்டு மாட்டின் இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும். கனமான பொருள் அல்லவா, நகராது. அங்கேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். அளவு மிஞ்சினால் மாட்டுக்குக் கண் தெரியாமல் போகும். பல்லை நறநறவென்று கடிக்கும், வாயில் நுரை தள்ளும், தலையைச் சுவரில் முட்டிக்கொண்டே நிற்கும், கால் தடுமாறி விழும். சில மாடுகள் இரவோடு இரவாகச் செத்துப் போகும். "யாரோ கண்ணு போட்டுட்டாங்க" என்று நாம் பூசணிக்காய் உடைப்போம்.

செத்த கன்றைப் புதைத்துவிட்டோம். கதை அதோடு முடிந்ததா? இல்லை. அதே பேட்டரியைக் கொஞ்சமாக நக்கிய தாய்ப்பசு நன்றாகத்தான் நிற்கும். புல் தின்னும், பால் கறக்கும். அதன் இரத்தத்தில் உள்ள காரீயத்தில் ஒரு பங்கு மடிக்கு வரும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். பாலின் நிறம் மாறாது, மணம் மாறாது, ருசி மாறாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர் அதைக் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுப்பார்.

காலி இடமும் கள்ளனும்

காரீயம் எப்படி உடம்புக்குள் இடம் பிடிக்கிறது? அதன் குணம் சுண்ணாம்புச் சத்தைப் போன்றது. வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் கள்ளன் நுழைவது போல், கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் காரீயம் போய் உட்காரும். எலும்பிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் இதே கதைதான். இரும்புக்காக ஏங்கும் குடல், வந்த காரீயத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

வெளிறிய கண்ணுள்ள பிள்ளையைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? ஒரே கோப்பைப் பாலை இரண்டு பிள்ளைகள் குடித்தாலும், இரத்தச்சோகை உள்ள பிள்ளைதான் அதிகக் காரீயத்தை வாங்கிக்கொள்ளும். மாட்டுக்கும் இதுவே. தாதுச் சத்து நிறைந்த மாடு கண்டதை நக்காது. நக்கினாலும் அதன் உடம்பு காரீயத்தைக் குறைவாகவே ஏற்கும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இது பொருந்தும். சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் உடம்பு எலும்பைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும். எலும்பில் பழைய காரீயம் இருந்தால் அதுவும் கூடவே போகும்.

ஆகவே இதில் இரண்டு வேலை. கெட்டதை மாட்டின் வாய்க்குப் போகாமல் தடுப்பது ஒன்று. மாட்டுக்கும் பிள்ளைக்கும் நல்லதை நிரப்பிக் காலி இடம் இல்லாமல் செய்வது மற்றொன்று. இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

மற்ற உலோகங்கள்

வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1950-களிலும் அதற்கு முன்பும் கித்தாத் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்க சோடியம் ஆர்சனைட் என்ற மருந்து அடித்தார்கள். அதில் இருந்தது பாஷாணம். மருந்து அடித்த புல்லைத் தின்று மாடுகள் செத்தன. அந்த மருந்து போனது, பின்னால் பாராகுவாட் வந்தது. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் அதற்கும் தடை. பாஷாணம் பாலில் வருவது மிகக் குறைவு. மாட்டையே கொன்றுவிடும் என்பதுதான் அதன் கொடுமை.

ஆனால் அது வேறு வேடத்தில் இன்னும் வரலாம். மரம் உளுத்துப் போகாமல் இருக்க செம்பு, குரோமியம், பாஷாணம் மூன்றும் கலந்த மருந்தை ஏற்றிய கம்பங்கள் உண்டு. பார்த்தால் இலேசான பச்சை நிறம் தெரியும். அப்படிப்பட்ட பழைய வேலிக் கம்பத்தை உடைத்து, கொசு விரட்ட மாட்டுக் கொட்டகையில் மூட்டம் போடுகிறோம். மரம் எரிந்துவிடும், பாஷாணத்தில் பெரும்பகுதி சாம்பலில் தங்கிவிடும். காலையில் மாடு அந்தச் சாம்பலை நக்கும். அதற்கு அதுவும் உப்புத்தான்!

பாஸ்பேட் உரத்தில் இயற்கையாகவே கொஞ்சம் காட்மியம் உண்டு. மாடு அதைத் தின்றாலும் பாலில் மிக மிகக் கொஞ்சமே வரும். ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் சேரும். ஆகவே பாலுக்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் உர மூட்டை அவிழ்ந்து கிடக்கும் இடத்தில் மாட்டைக் கட்டாதீர்கள்.

நல்ல உலோகமும் அளவு மிஞ்சினால் நஞ்சு. செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் செம்பு அதிகம். மாடு அதைத் தாங்கும். பாலிலும் செம்பைக் கூட்டி விடாது. செம்மறி ஆடு தாங்காது. அந்தப் பிண்ணாக்கையே தினமும் தின்ற செம்மறி ஆடுகள் செம்பு நஞ்சேறிச் செத்ததை இந்த நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மாட்டுக்கு வாங்கிய உப்புக் கட்டியையும் செம்மறிக்கு வைக்காதீர்கள்.

கறந்த பிறகும் வரும்

மாடு சுத்தம், புல் சுத்தம், பாலும் சுத்தம். அதற்குப் பிறகும் உலோகம் சேரலாம். நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

இந்தியாவில் முன்பு ஒன்று இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஈரல் கெட்டு வயிறு வீங்கிச் சாகும் நோய் ஒன்று இருந்தது. குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு வந்தால் அடுத்ததற்கும் வரும். ஜாதகம், சாபம் என்றார்கள். 1980-களில் பூனே நகர மருத்துவர்கள் கண்டறிந்தது வேறு. அந்தக் குழந்தைகளின் ஈரலில் செம்பு குவிந்திருந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப் பாலை, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்துப் புகட்டியிருந்தார்கள். பித்தளையில் உள்ள செம்பைப் பால் இழுத்துக்கொண்டது. பாத்திரத்தை மாற்றச் சொன்னார்கள். நாளடைவில் அந்த நோயும் அரிதாகிப் போனது. சாபம் பாத்திரத்தில்தான் இருந்தது.

அப்படியானால் டின்பால் மாவுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்களா? 1955-ல் ஜப்பானில் மொரினாகா நிறுவனத்தின் பால் மாவைக் குடித்த 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றார்கள். 100-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தொழிற்சாலையில் பாலில் சேர்த்த பாஸ்பேட் உப்பில் பாஷாணம் கலந்திருந்தது. எந்தத் தாயின் நாக்குக்கும் அது தெரியவில்லை. மாட்டின் மீது குற்றமில்லை. மனிதரின் கவனக்குறைவுதான் குற்றம். லயத்து வீட்டுப் பாலானாலும் தொழிற்சாலைப் பாலானாலும் பாடம் ஒன்றுதான்.

நாம் செய்ய வேண்டியது

1. இன்றைக்கே கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். பழைய பேட்டரி கிடந்தால் உடைக்காமல் எடுத்து பேட்டரிக் கடையில் கொடுங்கள். காசு கொடுத்தே எடுத்துக்கொள்வார்கள். பேட்டரியை வீட்டில் உடைத்துக் காரீயம் உருக்குவது வேண்டவே வேண்டாம். அந்தப் புகை முதலில் உங்கள் பிள்ளையின் நெஞ்சுக்குத்தான் போகும்.

2. பழைய சாயப் பலகை, கழிவு எண்ணெய், காலி மருந்து டின், உரச் சாக்கு ஆகியவை மாட்டின் வாய்க்கு எட்டக் கூடாது. மருந்து டின்னைக் கழுவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. பாலும் ஊற்றக் கூடாது.

3. மூட்டத்துக்குக் காய்ந்த தேங்காய் மட்டையும் சருகும் போதும். மருந்து ஏற்றிய கம்பம், சாயம் பூசிய பலகை வேண்டாம்.

4. மாட்டுக்கு உப்புக் கட்டி, தாதுக் கட்டி கட்டித் தொங்கவிடுங்கள். மாடு மண்ணையும் தகரத்தையும் நக்கினால், 'எனக்குச் சத்துப் போதவில்லை' என்று அது வாய்விட்டுச் சொல்வதாக அர்த்தம்.

5. மருந்து அடிக்கும் தோழர்களே, எந்தப் பகுதியில் எந்த நாள் அடிக்கிறீர்கள் என்பதை மாடு வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மாடு தண்ணீர் குடிக்கும் காணில் பம்பைக் கழுவாதீர்கள். அறிவிப்புப் பலகை வைக்கும்படி நிர்வாகத்தை எல்லாரும் சேர்ந்து கேட்கலாம்.

6. மாடு கண் தெரியாமல் தடுமாறினால், கன்று காரணமின்றிச் செத்தால், உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். அவர்கள் சரி என்று சொல்லும்வரை, அந்த மந்தையில் எந்த மாட்டின் பாலையும் குடிக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். செத்த மாட்டின் இறைச்சியும் வேண்டாம்.

7. பாலை எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வையுங்கள். ஈயம் தேய்ந்த பித்தளையில் பாலும் மோரும் வைக்கக் கூடாது.

8. ஒரு வயது நிரம்புமுன் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கொடுக்காதீர்கள். அதற்கு மேல், ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை, அரை லிட்டர் அளவு, போதும். மீதி வயிற்றில் சோறும் குழம்பும் போகட்டும். முருங்கைக்கீரை, பச்சைப் பயறு, நெத்திலி, முட்டை, கோழி ஈரல் இவற்றில் இரும்பு உண்டு. கூடவே எலுமிச்சை, கொய்யா, பப்பாளி ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி கொடுத்தால் இரும்பு வீணாகும்.

9. பிள்ளை வெளிறி, மந்தமாக, அடிக்கடி வயிற்றுவலி என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கொட்டகையில் பேட்டரி கிடந்ததையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். காரீயம் இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்கு அந்த நினைப்பு வரும்.

கடைசியாக ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு மாட்டை விற்றுவிடாதீர்கள்! நல்ல புல், நல்ல தண்ணீர், சுத்தமான கொட்டகை இருக்கும் மாட்டின் பால் நல்ல பால்தான். தோட்டத்து வருமானத்தில் பிள்ளைக்குக் கால்சியம் கொடுக்க அதைவிட எளிய வழி குறைவு. அடுப்படியில் தாய் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அவள் காய்ச்சுவது கொட்டகையிலிருந்து வந்ததைத்தான். கொட்டகையைச் சுத்தமாக வைப்பது அவள் ஒருத்தியின் வேலை இல்லை. வீட்டு ஆண்களின் வேலையும், மருந்து அடிப்பவரின் வேலையும், பேட்டரி போட்டவரின் வேலையும்தான்.

நாளைக் காலை வாளியை எடுப்பதற்கு முன், கொட்டகைக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.